சீட்டுக்கட்டின் சரித்திரம் – 17: கலைத்துப் போடும் கை

சென்ற இதழில் 1930-ஆம் ஆண்டின் மதராஸ் சூதாட்டச் சட்டம் பிறந்த கதையைப் பார்த்தோம். அந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனக்கண்ணில் ஒரு வீடு இருந்தது. அதற்குள் ஒரு விரிப்பு, விரிப்பைச் சுற்றி நாலு பேர், நடுவில் சீட்டும் காசும், வாசலில் காவலுக்கு ஓர் ஆள். போலீஸ் உள்ளே புகுந்தால் எதைக் கைப்பற்றலாம், யாரைப் பிடிக்கலாம், வீட்டுக்காரர் லாபம் எடுத்தாரா என்பதையெல்லாம் அந்த வீட்டை வைத்தே யோசித்து எழுதினார்கள். சீட்டைக் கலைத்துப் போட மனிதக் கையே இல்லாத ஒரு மேசை வரும் என்று அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை. இந்த வாரம் அந்த மேசையின் கதை.

விருதுநகர் மாவட்டத்து அச்சங்குளத்தில் உட்கார்ந்து இதை எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. எங்கள் பக்கத்து வெம்பக்கோட்டையில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், பாசிமணிகளோடு சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் குழிகளிலிருந்து வெளியே வந்தன. கீழடியில் பகடையே கிடைத்தது. விளையாட்டும் பந்தயமும் இந்த மண்ணுக்கு நேற்று வந்தவை அல்ல. நேற்று வந்தது, எதிரில் ஆளே இல்லாத ஆட்டம்.

கை என்ன செய்தது?

முதலில், அந்தக் கை எதற்காக இருந்தது என்று பார்த்துவிடுவோம்.

ஊர்ப்பக்கம் ஆலமரத்தடியிலோ மடத்துத் திண்ணையிலோ ரம்மி நடக்கும்போது கவனித்தவர்களுக்குத் தெரியும். சீட்டுப் போடுகிற முறை ஆட்டத்துக்கு ஆட்டம் ஆள் மாறி வரும். ஒருவர் கலைப்பார், பக்கத்தில் இருப்பவர் வெட்டிக் கொடுப்பார், கலைத்தவர் ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு போடுவார். வெட்டாமல் போட்டால் உடனே சத்தம் வரும். அடிச்சீட்டு தெரிகிற மாதிரி போட்டால் ‘திரும்பப் போடு’ என்பார்கள். ஸ்பேட் ராஜாவின் மூலை மடங்கியிருந்தால் கட்டையே மாற்றச் சொல்வார்கள். சீட்டு மோசமாக வந்தவர் ஸ்கூட் சொல்லிக் கவிழ்த்து வைத்துவிட்டு பீடி பற்ற வைப்பார். அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் பாயின்ட் எண்ணுவார்கள். ஜோக்கரில் சண்டை வரும், தீரும். இத்தனையும் நேரத்தைத் தின்கிற காரியங்கள். அந்த இடைவெளியில்தான் தோற்றவர் எழுந்து போக முடிந்தது. ‘போதும்ப்பா, வீட்டுக்குப் போ’ என்று பெரியவர் ஒருவர் சொல்லவும் முடிந்தது.

கேசினோவில் இதே வேலையைச் சம்பளத்துக்குச் செய்பவர்தான் டீலர். அவருடைய ஒவ்வொரு அசைவும் விதிக்கு உட்பட்டது. மேசையை விட்டு எழும்போது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். போக்கர் என்றால் பொதுச்சீட்டுகளைத் திறப்பதற்கு முன் மேல்சீட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒதுக்க வேண்டும். யாராவது அதைக் குறி வைத்திருந்தால் பயனில்லாமல் போகட்டும் என்பதற்காக. பந்தயக் காசை எண்ணுவது, முறை தவறினால் நிறுத்துவது, வாக்குவாதம் வந்தால் மேற்பார்வையாளரைக் கூப்பிடுவது, வென்றவருக்குத் தள்ளிவிடுவது எல்லாம் அவர் பொறுப்பு. சூதாட்ட நிறுவனத்தின் சம்பளக்காரர் என்றாலும் மேசையில் நடப்பதற்கு அவர் சாட்சி. ஏமாற்று நடந்தால் கைகாட்டிக் கேட்பதற்கு ஒரு முகம் இருந்தது.

வேகத்துக்கு எல்லை வைத்ததும் அந்தக் கைதான். எவ்வளவு பழகிய டீலராக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் சுமார் முப்பது ஆட்டம்தான் நடத்த முடியும். கலைக்க வேண்டும், போட வேண்டும், காசை எண்ணி நகர்த்த வேண்டும். உடம்பு அதற்கு மேல் ஓடாது.

லாஸ் வேகாஸின் நீள்வட்ட மேசை

அமெரிக்காவில் சீட்டாட்டத்துக்குள் எந்திரம் நுழைந்தது 1970-களின் கடைசியில். சை ரெட் என்ற வியாபாரி வீடியோ போக்கர் பெட்டிகளைப் பரப்பினார். அவருடைய நிறுவனம்தான் பின்னாளில் ஐஜிடி என்ற பெரிய சூதாட்ட எந்திரக் கம்பெனியாக வளர்ந்தது. அதில் ஆள் எந்திரத்தோடு ஆடினார். ஆளும் ஆளும் ஆடும் மேசைக்குள் எந்திரம் வர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று.

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதி பெற்று, உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் வாங்கினார். சாதாரண வேலையில் இருக்கிற ஒருவர் முழுநேர ஆட்டக்காரர்களைத் தோற்கடித்த செய்தி உலகெங்கும் பரவி, போக்கர் அறைகளில் கூட்டம் முண்டியடித்தது. அதே ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் போக்கர்டெக் என்ற நிறுவனம் தொடங்கியது. அது செய்த மேசைக்குப் பெயர் போக்கர்ப்ரோ.

அந்த மேசையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். நீள்வட்டம், பத்து இருக்கைகள். ஒவ்வொரு இருக்கைக்கு முன்னாலும் ஒரு தொடுதிரை, நடுவில் எல்லோரும் பார்க்கிற பெரிய திரை. உட்காருகிறவர் தன் கணக்கு அட்டையைச் செருகினால் அவருடைய பணம் எண்ணாகத் திரையில் வரும். தனக்கு வந்த இரண்டு சீட்டைப் பார்க்க, உண்மையான சீட்டை மறைப்பது போலவே திரைமேல் கையைக் குவித்து, விரலால் தொட வேண்டும். தொட்டால் சீட்டின் மூலை மட்டும் தூக்கிக் காட்டும். கையை எடுத்தால் படுத்துவிடும். பொதுச்சீட்டுகள் நடுத்திரையில் விரியும். கலைப்பது, போடுவது, எண்ணுவது, கமிஷன் எடுப்பது எல்லாம் நிரல். கையைப் பழையபடி வைத்துக்கொள்ள விட்டுவிட்டு, கைக்கு இருந்த வேலையை எடுத்துக்கொண்ட மேசை அது.

இதற்கு முதலாளிகள் சொன்ன காரணங்கள் நேர்மையானவையாகவே கேட்டன. எந்திரம் சீட்டைத் தவறிப் போடாது, எண்ணித் தவறாது. டீலருக்கு டிப்ஸ் கொடுக்கும் செலவு ஆட்டக்காரருக்கு இல்லை. சம்பளம், விடுப்பு, ஷிப்ட் மாற்றம் முதலாளிக்கு இல்லை. இவற்றுக்குப் பின்னால் இருந்த பெரிய காரணம் வேகம். முப்பது ஆட்டம் நடந்த ஒரு மணி நேரத்தில் இந்த மேசையில் சுமார் ஐம்பது ஆட்டம் நடந்தது.

போக்கரில் கேசினோ யாரோடும் ஆடுவதில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் சேருகிற தொகையிலிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது. கணக்குக்காக ஆட்டத்துக்கு 50 ரூபாய் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். கையால் போடும் மேசையில் மணிக்கு 1,500 ரூபாய் வரும். நிரல் போடும் மேசையில் 2,500 ரூபாய் வரும். கூடுதலாக வந்த அந்த ஆயிரம் ரூபாய் வானத்திலிருந்து விழவில்லை. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அதே பத்துப் பேரின் பையிலிருந்துதான் வந்தது. அவர்களுடைய திறமை கூடவில்லை, வருமானமும் கூடவில்லை. போய்ச் சேர வேண்டிய தோல்வி சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தது, அவ்வளவே.

2008-ல் லாஸ் வேகாஸின் முக்கிய வீதியில் இருக்கும் எக்ஸ்கேலிபர் கேசினோ, தன் போக்கர் அறை முழுவதையும் இந்த மேசைகளுக்கு மாற்றியது. டீலர்கள் இல்லாத அறை. ஆனால் அடுத்த ஆண்டே மனித டீலர்கள் திரும்பி வந்தார்கள். நேரில் ஆட வந்தவர்களுக்குச் சீட்டைக் கையில் பிடிக்க வேண்டியிருந்தது. பந்தய வில்லைகளை அடுக்கிவைத்துக்கொண்டு எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. இடமும் ஆளும் குறைவான சொகுசுக் கப்பல்கள் போன்ற இடங்களில் அந்த மேசைகள் நிலைத்தன. 2014-ல் போக்கர்டெக் நிறுவனத்தையே வேறொரு கம்பெனி வாங்கிக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு எந்திரம் தோற்றது, மனிதன் ஜெயித்தான் என்று எழுதியவர்கள் உண்டு. வரலாறு அப்படி நேர்க்கோட்டில் போகவில்லை. போக்கர் மேசையில் தோற்ற எந்திரம் மற்ற ஆட்டங்களில் ஜெயித்துக்கொண்டே போனது. மக்காவ்வில் டீலர் வேலை உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும்தான் என்பது கட்டுப்பாடு. எத்தனை மேசை போடலாம் என்பதற்கும் உச்சவரம்பு வந்தது. அங்கே கண்டுபிடித்த வழி, ஒரே ஒரு டீலரை மேடையில் நிற்க வைத்து, அவர் போடும் சீட்டின் மீது நூற்றுக்கணக்கான திரைகளிலிருந்து ஆட்டக்காரர்கள் பந்தயம் கட்டுவது. டீலர் இருந்தார், ஆனால் ஆட்டக்காரரைப் பார்க்கிற தூரத்தில் இல்லை.

லாஸ் வேகாஸின் எந்திரச் சூதாட்டத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானுடவியலாளர் நடாஷா டோ ஷுல், 2012-ல் வெளியிட்ட ‘அடிக்‌ஷன் பை டிசைன்’ என்ற நூலில் ஒரு விஷயத்தை அழுத்தமாகச் சொல்கிறார். எந்திரத்தில் மூழ்கியவர்கள் பலர் ஜெயிப்பதற்காக ஆடவில்லை. உலகம், நேரம், உடம்பு எல்லாம் மறந்துபோகிற ஒரு நிலையில் தொடர்ந்து இருப்பதற்காகவே ஆடினார்கள். அந்த நிலைக்கு வேண்டியது இடைவெளி இல்லாத வேகமும், குறுக்கே ஆள் வராத தனிமையும். டீலரை எடுத்துவிட்டால் கிடைப்பவை இந்த இரண்டும்தான்.

ஆற்றில் ஆள், கரையில் எந்திரம்

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் கேசினோ என்றால் கோவா. 1976-ஆம் ஆண்டின் கோவா, டாமன், டையூ பொதுச் சூதாட்டச் சட்டம் முதலில் சூதாட்டத்தைத் தடுக்க வந்த சட்டம். 1992-ல் அதில் 13-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் ஸ்லாட் எந்திரங்களுக்கும் மின்னணுப் பொழுதுபோக்கு ஆட்டங்களுக்கும் அரசு அனுமதி தரலாம் என்றது அந்தப் பிரிவு. 1996-ல் இன்னொரு திருத்தம் வந்தது. மேசை ஆட்டங்கள், அதாவது டீலர் சீட்டுப் போடுகிற ஆட்டங்கள், கரையை விட்டு விலகிய கப்பல்களில் நடக்கலாம்.

இந்த இரண்டு திருத்தங்களும் சேர்ந்து உலகில் அபூர்வமான ஓர் எல்லைக்கோட்டை வரைந்தன. மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பலில் மனிதர் சீட்டுப் போடலாம். பணஜியில் கரையில் இருக்கும் ஓட்டலில் எந்திரம் மட்டும்தான் போடலாம். கரையில் இருக்கிற கேசினோவில் ரவுலட் ஆட வேண்டுமென்றால், கண்ணாடிக் குமிழுக்குள் காற்று சுழற்றிவிடும் பந்தைப் பார்த்துத் திரையில் பந்தயம் கட்ட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிவிட ஆள் இருந்தால் அது ஆற்றுக்குப் போக வேண்டிய ஆட்டம்.

சட்டம் எழுதியவர்களின் எண்ணம் புரிகிறது. ஸ்லாட் எந்திரம் சின்னப் பந்தயம், பொழுதுபோக்கு. டீலர் நிற்கிற மேசைதான் பெரிய சூதாட்டம், அதைக் குடும்பங்கள் நடமாடும் ஊரிலிருந்து தள்ளி வைப்போம் என்று நினைத்திருப்பார்கள். பழைய உலகத்துக்கு அது சரியான கணக்கு. பயப்பட வேண்டியது மேசையைத்தான், எந்திரத்தை அல்ல என்று அப்போது உலகமே நம்பியது. அடுத்த இருபது ஆண்டுகளில் எந்திரம் மேசையாகவும், மேசை திரையாகவும், திரை சட்டைப்பையில் இருக்கும் செல்போனாகவும் மாறியபோது கோடு தலைகீழானது. மெதுவான ஆட்டம் ஆற்றில் தள்ளி நின்றது. வேகமான ஆட்டம் கரையேறி ஊருக்குள் வந்தது.

செகந்திராபாத் தீர்ப்பும் அதன் நிபந்தனையும்

தமிழ்நாட்டில் கேசினோ இல்லை. எங்களுக்குக் கேசினோவாக இருந்தது மனமகிழ் மன்றம். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் போன்ற ஊர்களில் ‘கிளப்’ என்று சொன்னாலே யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். அந்தக் கிளப்புகளுக்குக் கேடயமாக நின்றது 1967-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு.

செகந்திராபாத்தின் கிரசன்ட் ரெக்ரியேஷன் கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்தது. வழக்கு ஆந்திரப் பிரதேச அரசு எதிர் சத்தியநாராயணா என்ற பெயரில் உச்ச நீதிமன்றம் வரை போனது. மூன்று சீட்டு போல ரம்மி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டம் இல்லை என்றது நீதிமன்றம். எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது, எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டும், ஆகவே அதில் திறமையே மேலோங்கி நிற்கிறது என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பில் எல்லோரும் மேற்கோள் காட்டுகிற பகுதி இது. அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. ஆட்டத்திலிருந்து கிளப்போ இடத்தின் சொந்தக்காரரோ லாபம் எடுத்ததாகச் சாட்சியம் இருந்தால் அது குற்றமாகலாம் என்று நீதிபதிகள் எழுதினார்கள். திறமைக்கு நீதிமன்றம் கதவைத் திறந்தபோதே, மேசை போடுகிறவரின் லாபத்துக்கு ஒரு தாழ்ப்பாளையும் மாட்டியது. கடந்த இருபது ஆண்டுகளில் ரம்மி நிறுவனங்கள் கதவைப் பற்றி நிறையப் பேசின. தாழ்ப்பாளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

2000-களின் நடுப்பகுதியிலிருந்து ரம்மி இணையத்துக்குள் போனது. சீட்டைக் கலைப்பது இப்போது தற்செயல் எண்களை உருவாக்கும் ஒரு நிரல். வெட்டிக் கொடுப்பவர் இல்லை. ‘திரும்பப் போடு’ என்று கேட்க ஆள் இல்லை. எதிரில் ஆடுபவரின் முகம் தெரியாது. ஆட்டம் முடிந்த நொடியில் அடுத்த ஆட்டம் தயாராக நிற்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறுவனத்தின் பங்கு கழிந்துவிடும். எக்ஸ்கேலிபரில் கூட்டம் சேர்க்க முடியாமல் போன அதே மேசை, பத்து இருக்கையைச் சுருக்கி உள்ளங்கைக்குள் வந்தபோது ஜெயித்துவிட்டது. கேசினோவுக்கு வருகிறவர் முகம் பார்க்க வருகிறார், அங்கே டீலர் இல்லாத குறை தெரியும். இரவில் போர்வைக்குள் செல்போனைப் பார்க்கிறவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

சென்னையில் நடந்த வாதம்

கடன்பட்டுக் குடும்பத்தோடு உயிரை மாய்த்துக்கொண்ட செய்திகள் தமிழ்நாட்டில் வரிசையாக வரத் தொடங்கியபின், 2020 நவம்பரில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2021 பிப்ரவரியில் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திறமை ஆட்டங்களையும் சேர்த்து ஒட்டுமொத்தமாகத் தடுப்பது அளவுக்கு மீறியது என்பது நீதிமன்றத்தின் கருத்து.

அடுத்து வந்த அரசு 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அந்த மாதக் கடைசியிலேயே அறிக்கை வந்தது. அக்டோபரில் அவசரச் சட்டம், பிறகு மசோதா. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. வழக்கு மறுபடி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

நம் தொடருக்கு முக்கியமான வாதம் அங்கேதான் நடந்தது. நேரில் ஆடும் ரம்மியும் திரையில் ஆடும் ரம்மியும் ஒன்றா? அரசுத் தரப்பு இல்லை என்றது. இணையத்தில் சீட்டைக் கலைத்துப் போடுவது நிறுவனத்தின் நிரல், யார் கையில் என்ன சீட்டு என்பது அந்த நிரலுக்குத் தெரியும், எதிராளியின் முகத்தைப் படித்து ஆடும் வாய்ப்பும் ஆட்டக்காரருக்கு இல்லை என்பது அந்த வாதத்தின் உள்ளடக்கம். அதாவது, டீலரின் கை காணாமல் போனதால் ஆட்டமே மாறிவிட்டது என்று ஓர் அரசாங்கம் நீதிமன்றத்தில் நின்று சொன்னது.

2023 நவம்பர் 9-ஆம் தேதி வந்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. சட்டத்தை நிலைநிறுத்திய நீதிமன்றம், அதன் அட்டவணையில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்தது செல்லாது என்றது. ஆனாலும் வயது, நேரம் போன்றவற்றுக்கு அரசு கட்டுப்பாடு விதிக்கலாம் என்று வழிவிட்டது. அந்த வழியாகத்தான் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையத்தின் விதிமுறைகள் வந்தன. பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பணம் கட்டி ஆடக்கூடாது. ஆதார் சரிபார்ப்பு வேண்டும். நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஆட்டம் கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஆடுகிறவருக்கு அரை மணிக்கு ஒரு தடவை எச்சரிக்கை காட்ட வேண்டும். ஜூன் 3-ஆம் தேதி உயர் நீதிமன்றம் இந்த விதிகளைச் சரி என்றது.

ஆகஸ்டில் நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அந்தச் சட்டத்தை எதிர்க்கும் வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன.

அளவு தெரிந்த ஊர்

தமிழ்நாட்டின் முதல் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் சட்டமன்றத்தில் நிறைவேறிய அதே 2021 பிப்ரவரியில், 12-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்தது. இருபது பேருக்குக் குறையாமல் செத்துப்போனார்கள். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டு வேலை நடந்தது பிறகு வெளியே வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. இரண்டு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் இந்த ஊரிலிருந்து பார்க்கும்போது, சூதாட்ட வரலாற்றில் யாரும் கேட்காத ஒரு கேள்வி கண்ணுக்குத் தெரிகிறது.

பட்டாசுத் தொழிலில் ஆபத்தை ஒழிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டுதான் விதி எழுதியிருக்கிறார்கள். மருந்து செலுத்தும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது. ஓர் அறையில் இவ்வளவு மருந்துதான் இருக்கலாம். அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி. செல்போன் உள்ளே வரக்கூடாது. மிச்ச மருந்தை அறையில் வைத்துவிட்டுப் போகக்கூடாது. பீஸ் ரேட்டுக்கு வேலை பார்க்கிறவருக்கு அவசரம் இருக்கும், தீபாவளி ஆர்டர் நெருங்கும்போது முதலாளிக்கு அதைவிட அவசரம் இருக்கும். அந்த அவசரம்தான் கொல்லும் என்று தெரிந்துதான் ஆள், அளவு, இடைவெளி மூன்றையும் எண்ணாக எழுதி வைத்தார்கள். விபத்துக்குப் பிறகு விசாரணை நடந்த இடங்களில் இந்த மூன்றில் ஒன்று மீறப்பட்டிருப்பதை இந்தப் பக்கம் எல்லோரும் அறிவார்கள்.

சூதாட்டத்தைப் பற்றி நம் நீதிமன்றங்கள் எழுபது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி: இது திறமையா, அதிர்ஷ்டமா? மணிக்கு எத்தனை ஆட்டம், தொடர்ந்து எத்தனை மணி, யார் சாட்சி, யாருக்கு லாபம் என்ற கேள்விகள் ஓரத்தில் கிடந்தன. கை சீட்டுப் போட்ட காலத்தில் அவற்றைக் கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. உடம்பின் களைப்பும், சுற்றி இருந்தவர்களின் கண்ணும், விளக்கு அணைந்தால் முடிகிற இரவும் அந்தக் கேள்விகளுக்குப் பதிலாக இருந்தன. டீலரை எடுத்தவர்கள் சம்பளத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்தார்கள். உண்மையில் அவர்கள் எடுத்தது ஆட்டத்தில் இருந்த ஒரே பிரேக்கை. எடுத்த இடத்தில் வேறொரு பிரேக் வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் அப்போது கேட்கவில்லை.

2025 பிப்ரவரி விதிகளின் பெருமை அதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். நள்ளிரவு முதல் ஐந்து மணி வரை ஆட்டம் கிடையாது என்ற ஒற்றை வரி, திறமை அதிர்ஷ்ட விவாதத்துக்குள் போகாமலே, மரத்தடியில் இருட்டு செய்த வேலையைச் செய்தது. ஒரு மணி நேரம் கழித்து வரும் எச்சரிக்கை, ‘போதும்ப்பா’ என்று சொன்ன பெரியவரின் வேலையைக் கொஞ்சமாவது செய்தது. முழுத்தடை சரியா, கட்டுப்பாடு சரியா என்பதில் நல்லவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கலாம். தடை வந்தபின் ஆட்டம் எந்த நாட்டுக் கணினிக்குப் போகும் என்ற கவலையும் நியாயமானதே. எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு பாடம் பொது. மனிதக் கையை எடுத்துவிட்டு எந்திரத்தை வைக்கும்போது, அந்தக் கை சொல்லாமல் செய்துகொண்டிருந்த காவல் வேலைகளை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். எண்ணியபின் அவற்றைச் சட்டத்தில் எழுத வேண்டும். வெடிமருந்துக்கு இந்த நாடு அதைச் செய்திருக்கிறது. மீறியவர்களால் உயிர்கள் போயின என்பது விதியின் குறை ஆகாது, அமல்படுத்தியவர்களின் குறை. ஆட்டத்துக்கு அதைச் செய்ய நாம் 2025 வரை காத்திருந்தோம். அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தது நிறுவனங்கள் அல்ல, வாரக்கூலியை நம்பிய வீடுகள்.

இன்றைக்கு இணைய ரம்மி அடைபட்டிருக்கிறது. ஆனால் கை இல்லாத மேசையின் யோசனை ரம்மியோடு பிறக்கவில்லை, ரம்மியோடு சாகவும் போவதில்லை. அது நம் தெருவுக்கு முதலில் வந்தது சீட்டாகக்கூட இல்லை, ஒரு சின்னக் காகிதத் துண்டாக. 1968-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது தமிழ்நாடு அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியதையும், பேருந்து நிலையத்தில் கூவி விற்றவரின் இடத்துக்குக் கணினி லாட்டரி வரத் தொடங்கிய நேரத்தில், 2003 ஜனவரியில் அந்த வியாபாரமே தமிழ்நாட்டில் முடிவுக்கு வந்ததையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)